வால் வெளியே நீட்டிய ரோல்

"யார் என்ன எடுத்தோம்னு நீங்களும் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். இது ஒண்ணுதான் சட்டம்."

"அப்ப எப்படித் தெரிஞ்சுக்கறதாம்?"

"கழுவும்போது தானா தெரியும், முதலாளியம்மா."

"படம் கண்றாவியா வந்தா?"

"பாதிப் பழி உங்களுக்கு, பாதி எனக்கு. சண்டை போடவே வழியில்ல பாருங்க."

துறைமுக நகரமான செமாராங்கிலிருந்து ஹர்யோ தொலைபேசியில் இதைச் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. பலுபிக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை. அன்று அவள் கையில் ஈரப் பிலிம் இருந்தது. போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது. 'சரி' என்று தலையாட்டியபோது அது நழுவி வாளியில் விழப் பார்த்தது.

விளையாட்டு இதுதான். ஒருவர் ஒரு ரோலை முழுவதும் எடுத்து முடிப்பார். அதைத் திரும்பச் சுற்றும்போது வால் நுனி டப்பாவுக்குள் போய்விடாமல் வெளியே நிறுத்தி, மற்றவருக்குத் தபாலில் அனுப்புவார். அவர் அதே ரோலைத் தன் கேமராவில் மாட்டி, முன்பு விழுந்த படங்களின் மேலேயே மறுபடியும் எடுப்பார். இரண்டு ஊர், இரண்டு கண், ஒரே பிலிம். வருஷத்துக்கு நாலு ரோல் என்று இருபத்து மூன்று முடிந்திருந்தது. ஹர்யோவின் துறைமுகத்துப் படகுகள் பலுபியின் மலையூரான மலாங்கின் சரிவில் ஏறி நின்றன. பலுபியின் தெருவில் டெம்பே என்கிற சோயாக் கட்டி விற்கும் அம்மாள், அவன் பிரித்துப் போட்ட கேமரா ஷட்டர்களின் நடுவே கடை விரித்திருந்தாள். எது எதன்மேல் விழும் என்று முன்கூட்டித் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகத்தான் இருவரும் அத்தனை சிரமப்பட்டார்கள்.

பலுபிக்கு முப்பத்தேழு வயது. அவள் வேலை பார்த்த ஸ்டூடியோ பிலிம் வேலையைக் கைவிட்டபோது, கழுவும் தொட்டிகளை எடைக்குப் போட இருந்தார்கள். அவள் அவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, தம்பி சேத்தோவிடம் முன்னறையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மலாங்கின் தண்ணீர் காலையில் கையை வெட்டும். பிலிம் கழுவ இளஞ்சூடு வேண்டும். மீன் தொட்டிக்குப் போடுகிற ஹீட்டரை வாளியில் இறக்கி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அரை டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் விடமாட்டாள். கடையில் விற்கிற ரோல் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று, சினிமாவுக்கான பெரிய சுருளை வாங்கி இருட்டுப் பைக்குள் கைவிட்டு வெட்டி, டப்பாக்களில் தானே சுற்றினாள். அந்தப் பிலிமின் முதுகில் கரிபோல ஒரு பூச்சு இருக்கும். சோடா உப்புக் கரைசலில் போட்டு, விரலால் தடவித் தடவி எடுப்பாள். அவளிடம் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள், பஸ் ஓட்டுநர் ஒருவர் வந்தார், பள்ளிக்கூட டீச்சர் வந்தார். யாருடைய ரோலாக இருந்தாலும் அவள் கையில் அது பிறந்த குழந்தைதான்.

ஹர்யோ கேமரா பழுது பார்ப்பவன். நாற்பத்தொன்று. கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அவன் கைக்கு வருகிற கேமராக்களைச் செய்த தொழிற்சாலைகள் அவன் வேலை கற்பதற்கு முன்பே மூடிவிட்டன. பாகம் கிடைக்காது. சைக்கிள் பிரேக் கம்பியை இழைத்து ஸ்பிரிங் செய்வான். உடைந்த நெம்புகோலுக்குப் பதிலாகப் பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை அராவிப் பொருத்துவான். மூன்று பேர் கைவிரித்த கேமராவை பலுபி அவனுக்கு அனுப்பினால், இரண்டு வாரத்தில் அது கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டு திரும்பி வரும். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'உடம்பு தேறிவிட்டது. அடுத்த முறை கடற்கரைக்குக் கூட்டிப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.' அந்தச் சீட்டுகளை அவள் தூக்கிப் போட்டதில்லை.

நேரில் பார்த்தது மூன்றே தடவை. போனில் மட்டும் தினம் ஏதாவது ஒரு சாக்கு.

போன மாதம் அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. செமாராங்கின் தாழ்வான பகுதிகளில் கடல் ஏறுவது புதிதல்ல. ஆனால் போன பௌர்ணமிக்கு வாசல்வரை வந்த தண்ணீர், இந்தப் பௌர்ணமிக்கு அவன் மேஜையின் காலை நனைத்துவிட்டதாம். உப்புக் காற்றில் திருகாணி துருப்பிடிக்கிறது, லென்ஸில் பூஞ்சை படர்கிறது. வீட்டுக்காரர் தரையை உயர்த்தப் போவதாகச் சொல்லி இடத்தைக் கேட்டுவிட்டார். கடல் தாண்டி லம்புங்கில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கிற அண்ணன் கூப்பிடுகிறார் என்றான்.

"தோட்டத்துக்குப் போயிட்டா கேமராவெல்லாம், மஸ்?" என்று பலுபி கேட்டாள். வயதில் மூத்த ஆணை மரியாதையாக அழைக்கும் அந்தச் சொல்லால்தான் அவனை எப்போதும் கூப்பிடுவாள்.

"மிளகுக்கு ஷட்டர் கிடையாதே" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவளுடைய முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை இருந்தது. ஸ்கேனருக்கு என்று சொல்லி இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கியது. ஸ்கேனர் இன்னும் அலமாரியின் மேல்தான் இருந்தது. மேஜையில் ஒன்றும் இல்லை. காலை வெயில் அதன்மேல் சாய்வாக விழும், சின்னச் சின்னத் திருகாணிகளைப் பார்த்து எடுக்கத் தோதான வெளிச்சம். அவள் தினம் அதைத் துடைத்தாள். 'இங்கே வந்துவிடுங்கள்' என்று சொல்ல மூன்று சொல்கூட வேண்டாம், இரண்டு சொல் போதும். இரண்டு வருஷமாக அந்த இரண்டு சொல் தொண்டையைத் தாண்டவில்லை. அவன் ஒரு நாளும் ஜாடையாகக்கூட எதுவும் சொன்னதில்லை. கேட்டு, அவன் மாட்டேன் என்றுவிட்டால், அதன்பிறகு தபாலும் வராது, போனும் வராது. இருப்பதையும் இழப்பானேன் என்றிருந்தாள்.

இருபத்து நான்காவது ரோல் அப்போதுதான் வந்தது. அவள் சுற்றி அனுப்பிய அதே டப்பா, வால் வெளியே நீட்டியபடி. அன்று போனில் அவன், வழக்கமில்லாத வழக்கமாக, "இத மட்டும் நிதானமா எடுங்க பலுபி, அவசரமே இல்ல" என்றான். சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குத் தாவினான். அடுத்த வாரம் வியாழக்கிழமை லம்புங்குக்குக் கிளம்புகிறவன் அவசரமில்லை என்கிறான்.

அவள் அந்த ரோலை ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டின் ஏழாவது குழியில் வைத்தாள். அந்த வீட்டு முட்டைத் தட்டில் பிலிம்தான் இருக்கும், முட்டைகள் வெளியே கூடையில் இருக்கும். ஏழாவது குழி ஹர்யோவுக்கு என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. முப்பத்தாறு படத்திலும் அந்தக் காலி மேஜையையே எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வெயில் விழும்போது ஒன்று, மழையில் ஒன்று, நாற்காலி போட்டு ஒன்று. வாயால் சொல்ல வராததைப் பிலிம் சொல்லட்டும். ஆனால் தினம் ஒரு காரணம் வந்து, எடுப்பது தள்ளிப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, சேத்தோவின் மகள் கினாசி முதன்முதலாக மண்ணில் கால் வைக்கிற சடங்கு. ஏழு மாதக் குழந்தை. தம்பி மனைவி வெனிங் ஒரு மாதம் முன்பே பலுபியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எல்லோரும் போனில் எடுப்பார்கள், எடுக்கட்டும், ஆனால் ஒரு ரோல் பிலிம் அக்கா எடுத்தே ஆக வேண்டும். வெனிங்கின் போன் ஒரு தரம் வயல் வாய்க்காலில் விழுந்தது. கல்யாணப் படம் அத்தனையும் அதோடு போயிற்று. பலுபி அன்று சும்மா எடுத்திருந்த ஒன்பது படம் மட்டும் மிஞ்சியது. அதிலிருந்து நாத்தனாரின் நெகட்டிவ் உறைகளை வெனிங் நகைப்பெட்டிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டாள்.

சடங்குக்கு முதல்நாள் உறவுக்காரர்கள் கூடை கூடையாக முட்டை கொண்டுவந்தார்கள். கூடையில் இடமில்லை. யாரோ ஒரு புண்ணியவதி, ஃப்ரிட்ஜைத் திறந்து, தட்டில் இருந்த ரோல்களையெல்லாம் வழித்து ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு, முட்டைகளை அடுக்கினாள்.

வால் வெளியே இருந்தால் புதுசு, உள்ளே போயிருந்தால் எடுத்து முடித்தது. கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் பலுபி சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இதுதான். சுவரில் எழுதிக்கூட ஒட்டியிருந்தாள். அந்தப் பாடத்துக்கு அடங்காத ரோல் உலகத்திலேயே ஒன்றுதான் அந்த வீட்டில் இருந்தது.

ஞாயிறு காலை முற்றத்தில் ஏழு நிறத்தில் பிசைந்த சோறு ஏழு தட்டில் தயாராக இருந்தது. கரும்பில் கட்டிய ஏணி நின்றது. காகிதப் பூ ஒட்டிய கோழிக்கூண்டு ஓரமாக இருந்தது. "அக்கா, கால எடுத்து வெக்கப் போறா" என்று வெனிங் குரல் கொடுத்தபோது பலுபி சமையலறையில் இருந்தாள். ரோல்கள் ஏன் கிண்ணத்தில் கிடக்கின்றன என்று யோசிக்காமல், அவசரத்தில் அதில் கைவிட்டாள். வால் நீட்டிய ஒரு ரோலை எடுத்தாள். நடந்துகொண்டே கேமராவில் மாட்டினாள். கட்டங்கள் பிசகாமல் மாட்டுவதற்காக வாலில் ஹர்யோ பேனாவால் போட்டிருந்த மெல்லிய கோடு அவள் கட்டை விரலுக்கு அடியில் மறைந்துபோயிற்று.

நன்றாகத்தான் எடுத்தாள். நாளெல்லாம் படம் எடுக்கிறவர்கள் போனை நீட்டிக்கொண்டு முண்டியடித்தபோது, அவள் ஒதுங்கி நின்று, மூச்சைப் பிடித்து, தேவையான நொடியில் ஒரே ஒரு தடவை அழுத்தினாள். முப்பத்தாறுதான் இருக்கிறது என்கிறபோது கண் தானாகக் கூர்மையாகிவிடும். குழந்தை சோற்றை மிதித்தது, ஏணியில் தூக்கிவிடப்பட்டது, பிறகு கூண்டுக்குள் உட்கார்த்தப்பட்டது. கூண்டில் பேனா, சீப்பு, கண்ணாடி, பொம்மைக் கார் எல்லாம் பரப்பியிருந்தார்கள். குழந்தை எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் வாழ்க்கை என்பார்கள். பலுபி தன் பங்குக்கு ஒரு காலிப் பிலிம் டப்பாவைப் போட்டு வைத்திருந்தாள். கினாசி பேனாவைத் தள்ளிவிட்டு, தவழ்ந்து, கையை எட்டி நீட்டி, டப்பாவைப் பிடித்துக் கடித்தாள்.

"போச்சு" என்றான் சேத்தோ. "வீட்டுக்கு ஒண்ணு போதும்னு இருந்தேன்."

திங்கட்கிழமை காலை பலுபி ரோலைக் கழுவினாள். வாளியிலிருந்து சுருளை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கரும்பு ஏணிக்கு நடுவே ஒரு ஸ்க்ரூ டிரைவர். வெனிங்கின் அம்மா தலைக்குள் ஒரு லென்ஸ். கட்டத்துக்குக் கட்டம் இரண்டிரண்டு படம்.

ஃப்ரிட்ஜுக்கு ஓடினாள். கிண்ணத்தில் இருந்த ரோல்களை எண்ணினாள். ஏழாவது குழியில் ஒரு வாத்து முட்டை உட்கார்ந்திருந்தது.

ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவள், சின்னப் பையன்கூடச் செய்யாத தப்பைச் செய்திருக்கிறாள். நிதானமாக எடு என்று அவன் முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டுக்கொண்ட ரோலைக் கொண்டுபோய் ஒரு கூட்டத்துக்கு நடுவில் தீர்த்துவிட்டாள். மேஜையை எடுக்கவில்லை. வியாழனுக்கு இன்னும் மூன்று நாள். இன்னொரு ரோல் போய்வர ஒரு வாரம் ஆகும்.

காய்ந்ததும் ஸ்கேனரில் ஒவ்வொன்றாக ஏற்றினாள். வெனிங் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். பலுபி மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் திரையில் முதல் படம் வந்துவிட்டது.

அப்போதுதான் பலுபி அதைக் கவனித்தாள். ஹர்யோ எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஒரு பக்கம் மட்டும்தான் இருந்தது. மறுபக்கம் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டிருக்கிறான். இருட்டாக விட்ட இடத்தில் பிலிம் தொடப்படாமல் இருக்கும், அடுத்து எடுப்பவரின் படம் அங்கே பளிச்சென்று விழும். பிலிம்காரர்களுக்கு இது தெரிந்த கணக்கு. ஆனால் இருபத்து மூன்று ரோலிலும் ஹர்யோ ஓரம்வரை நிரப்பித்தான் அனுப்பியிருந்தான். "பஸ்ல துண்டு போடறவன் மாதிரி மொத்த சீட்டையும் நீங்களே புடிச்சுக்கறீங்க, நான் எங்க உக்கார்றது" என்று அவளே எத்தனை தடவை அவனைக் குத்திக்காட்டியிருக்கிறாள்.

இந்த முறை முப்பத்தாறிலும் பாதி இடம் விட்டிருந்தான். அவன் மேஜை பாதி, இருட்டு பாதி. அவன் அலமாரி பாதி, இருட்டு பாதி. இரண்டு நாற்காலியில் ஒன்று வெளிச்சத்தில், ஒன்று இருட்டில். அவள் கோட்டைப் பார்த்து மாட்டாததால் கட்டங்கள் கால்வாசி பிசகி, பல படங்கள் கூழாகிக் கிடந்தன. ஆனாலும் அந்த இருட்டுக்குள் சேத்தோ நின்றான், வெனிங் சிரித்தாள், சோற்றுத் தட்டுகள் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. விட்ட இடத்தில் வீடு முழுக்கக் குடியேறியிருந்தது.

இருபத்தெட்டாவது படத்தில் ஹர்யோவே இருந்தான். முக்காலியில் உட்கார்ந்து, தானியங்கியில் வைத்து எடுத்திருக்க வேண்டும். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தான். அவனுக்குப் பக்கத்து இருட்டில் கோழிக்கூண்டு விழுந்திருந்தது. கூண்டின் மூங்கில் கோடுகள் அவன் தோள்வரை வந்து அவனையும் உள்ளே சேர்த்துக்கொண்டன. கினாசி கையை எட்டி நீட்டியிருந்தாள். டப்பா இருந்த இடத்தில் அவன் சட்டைக் கை இருந்தது.

வெனிங் குனிந்து பார்த்தாள். "கூண்டுக்குள்ள ஒரு ஆம்பள உக்காந்திருக்காரே, யாருக்கா இவரு?"

பலுபி சொன்னாள். எந்த ரோல், எப்படி மாறியது, படங்கள் கெட்டுப்போனதற்குத் தானே காரணம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். வெனிங்குக்குக் கோபம் வரும் என்று நினைத்தாள். வெனிங் படத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தினம் போன்ல பேசற ரிப்பேர்காரர்தானே? நல்ல சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு, பக்கத்துல ஒரு ஆளுக்கு இடம் விட்டு உக்காந்திருக்காரு. எம்பொண்ணு என்னத்த எடுத்தா பாருங்கக்கா. டப்பாவ இல்ல, இவரத்தான் எடுத்திருக்கா."

"விளையாடாத வெனிங்."

"நான் விளையாடல. அந்த மேஜைய எதுக்கு வாங்குனீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ரெண்டு வருஷமா தொடைக்கறீங்க, ஒரு பேப்பரக்கூட வெக்க விட மாட்டேங்கறீங்க. உங்க தம்பிக்கே தெரியும்க்கா."

சொல்லிவிட்டு, குழந்தைக்குப் பசிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். குழந்தை அழவே இல்லை.

ஜன்னல் வெயில் மேஜையைத் தாண்டித் தரைக்கு இறங்கியிருந்தது. பலுபி போனை எடுத்தாள். முதல் மணியிலேயே ஹர்யோ எடுத்துவிட்டான். பின்னால் பெட்டிக்கு ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது. யாரோ இல்லை, அவனேதான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. ரோல் மாறிப்போனதைச் சொன்னாள், முட்டையைச் சொன்னாள், அவன் ரோலில் தன் தம்பி வீட்டு விசேஷம் முழுக்க ஏறிவிட்டதைச் சொன்னாள். மறுமுனையில் அவன் சிரிக்க ஆரம்பித்தான். மிளகைப் பற்றிச் சொன்னபோது சிரித்த சிரிப்பு இல்லை, பழைய சிரிப்பு.

"முதலாளியம்மாவே வாலப் பாத்து ஏமாந்துட்டீங்களா? இத நான் செவுத்துல எழுதி ஒட்டணுமே."

"ஒட்டிக்குங்க. ஒண்ணு கேக்கறேன் மஸ். பாதிப் படத்த ஏன் இருட்டா விட்டீங்க?"

"எடுத்தத பத்திப் பேசக் கூடாது. சட்டம்."

"சட்டத்த விடுங்க."

அவன் ஆணியை எங்கோ வைக்கிற சின்னச் சத்தம் வந்தது. "துண்டு போட்டு எடம் புடிச்சு வெச்சேன்" என்றான். "நீங்க வந்து உக்காருவீங்களான்னு தெரியல. அதனால வாயத் தொறக்கல."

கழுவினால் தெரிந்துவிடும் என்று ஆறு வருஷமாக இரண்டு பேரும் பிலிமையே பேச விட்டுவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். பலுபி கையை மேஜையின்மேல் வைத்தாள். துடைத்துத் துடைத்து அது வழவழவென்று இருந்தது. இந்தத் தடவை குரல் வந்தது.

"லம்புங்குக்குப் போகாதீங்க மஸ். இங்க ஜன்னலோரத்துல ஒரு மேஜை காலியா கெடக்கு, காலைல நல்ல வெளிச்சம், கடல் வராது. உங்க பெட்டியெல்லாம் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடுங்க. ரிப்பேருக்காக மட்டும் இல்ல. என்னோட இருக்கறதுக்கு."